ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. கீழ்வீட்டுப் பாட்டியை மறக்காமல் விசாரித்திருந்தீர்கள். நலமாக இருக்கிறார். நான் இந்தியாவிலிருந்து வந்தவன் என்பதால் இன்னமும் என்னைத் ‘தாரியேல்’ என்றே கூப்பிடுகிறார். இந்நாட்டைத் தமார் அரசி ஆண்ட காலத்தில், ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன், ஷோத்தா ருஸ்தவேலி பாடிய ‘புலித்தோல் போர்த்திய வீரன்’ என்னும் காவியத்தில், காதலி நெஸ்தானைப் பறிகொடுத்துக் காட்டிலும் குகையிலும் அலைகிற தாரியேல் இந்திய நாட்டவன். அவன் துயரைத் தன் துயராக எண்ணித் துணை நிற்கிற அவ்தாந்தில் அரபு நாட்டவன். ஜார்ஜியர் நட்புக்கு இலக்கணமாகப் போற்றுவது இந்த இருவரைத்தான் என்பதில் எனக்குப் பெருமை.

மாலையில் பாட்டியின் சமையலறையில்தான் படிக்கிறேன்; அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். மண்சட்டியில் லோபியோ என்னும் பயற்றுக் குழம்பைக் கிளறியபடியே அந்தக் காவியத்தைப் பாடுவார். நான்கடிப் பாட்டு, அடிக்கு 16 அசை, நான்கடியும் ஒரே இயைபில் முடியும். அவர் மூன்றடி சொல்லி நிறுத்தினால், வாசலில் காலணியைக் கழற்றுகிற பேரன் நான்காவதைச் சொல்லிக்கொண்டே உள்ளே வருகிறான். ஆறாம் வாக்தாங் அரசர் 1712இல் அச்சிடும்வரை ஏடுகளிலும் மனப்பாடத்திலுமே வாழ்ந்த நூல் இது என்பதை அந்த வீட்டில் நம்ப முடிகிறது. மணப்பெண்ணுக்குச் சீராக இதைக் கொடுத்தனுப்புவது இங்கே பழைய வழக்கம். பாட்டியின் தாயார் கொண்டுவந்த பிரதி, ஓரங்கள் எண்ணெயேறி, இன்னும் அலமாரியில் இருக்கிறது.

இந்நாட்டுப் பணமான லாரியில், 100 லாரி நோட்டில்கூட ருஸ்தவேலியின் முகம்தான். எனக்குப் பணத்துக்குக் குறைவில்லை. நீங்கள் எதுவும் அனுப்ப வேண்டாம். அறையும் கதகதப்பாகவே இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பாட்டி பாடும்போது மட்டும், புரட்டாசியில் நீங்கள் திண்ணையில் கம்பராமாயணம் வாசிக்கிற குரல் காதில் விழுகிறது. அப்போது படிப்பு ஓடுவதில்லை, அப்பா. ஊருக்கு வந்துவிட வேண்டும் போலிருக்கிறது.

மேற்குத் தோட்டத்தைத் தங்கை பெயருக்கு எழுதக் கூடாது என்று பெரியப்பா சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அரபு நாட்டு அரசன் ரோஸ்தேவான், தான் உயிரோடிருக்கும்போதே, மகள் தினாதினுக்கு முடிசூட்டுவதில்தான் இந்தக் காவியமே தொடங்குகிறது. சிங்கக்குட்டி ஆணானாலும் பெண்ணானாலும் சமமே என்று அமைச்சர்களே அங்கே சொல்கிறார்கள். இதைப் பெரியப்பாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். என் படிப்புச் செலவுக்காக அதை விற்கும் பேச்சே வேண்டாம். கல்யாணத்துக்கு முன்பே அவள் பெயருக்கு எழுதிவிடுங்கள். பூர்வீகச் சொத்து என்பதால் என் கையெழுத்தும் தேவையென்றால் பவர் எழுதி அனுப்புகிறேன். சர்வேயரை வரவழைத்து அளந்து, கிணற்றுப் பங்கையும் பாதை உரிமையையும் பத்திரத்தில் விட்டுப்போகாமல் சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்