அம்மாவிடம் சொல்லாதே அக்கா

ஜூ கூன், சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் நலம். இப்போது நிஜமாகவே நலம்.

போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பக்கத்திலேயே அம்மா உட்கார்ந்திருக்கும். வாட்ஸப்பில் குரல் அனுப்பினால் உன் பிள்ளைகள் அதை நாலு தரம் போட்டுக் கேட்பார்கள். அதனால்தான் என் அறையில் இருக்கும் மன்னார்குடிக்காரர் லீவில் ஊருக்கு வருகிறார் என்றதும் பேனாவை எடுத்தேன். படித்துவிட்டு அரிசிப் பானைக்குள் வை, இல்லை கிழித்துப் போட்டுவிடு.

போன மாதம் இரண்டு நாள் நான் போன் எடுக்கவில்லை. நைட் ஷிஃப்ட் என்று எங்கள் அறை திருத்துறைப்பூண்டி அண்ணன் உன்னிடம் சொன்னாரே, அது பொய். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். சிறுநீரகத்தில் கல்.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். இடது விலாவுக்குக் கீழே யாரோ கம்பியை விட்டுத் திருகுவது மாதிரி ஆரம்பித்து அடிவயிறு வரை இறங்கியது. எனக்கு மேல் கட்டில். இறங்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. அறையில் பன்னிரண்டு பேர், எல்லாரும் விடிகாலை லாரிக்கு எழ வேண்டியவர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கீழ்க் கட்டிலில் இருக்கும் வங்காளதேசத்துப் பையன்தான் கட்டில் ஆடுவதைப் பார்த்து விளக்கைப் போட்டான்.

அண்ணன் எழுந்து வந்ததும் முதல் வேலையாக என் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினார். 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக நாங்கள் தங்கும் டார்மிட்டரிகளை அடைத்தார்கள் இல்லையா, அப்போது உள்ளே மாட்டிக்கொண்டவர் அவர். அந்த நேரத்தில் கொடுத்த கருவியை இன்னும் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார். பல்வலி என்றாலும் அதைத்தான் மாட்டுவார். "தொண்ணூத்தெட்டு இருக்குடா, பயப்படாதே" என்றார். வலியிலும் சிரிப்பு வந்தது.

ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நான்தான் கெஞ்சினேன். பெரிய வியாதி என்று தெரிந்தால் வேலை பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் இங்கே எல்லாருக்கும் உண்டு. ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தில் இன்னும் பாதி அடையவில்லை, உனக்கே தெரியும். அண்ணன் காதில் வாங்கவில்லை. மன்னார்குடிக்காரர் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கினார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும், அக்கா. நான் வந்த புதிதில் அந்த மனுஷனுக்குக் கால் பிசகி வீங்கிக் கிடந்தது. கிளினிக் வரைக்கும் கூட வா என்று என்னைத்தான் கேட்டார். சூப்பர்வைசர் திட்டுவார் என்று சொல்லிவிட்டு நான் லாரியில் ஏறிப் போய்விட்டேன். அவர் நொண்டிக்கொண்டே தனியாகப் போய் வந்தார். அதைப் பற்றி இன்று வரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் முதுகில் தொங்கிக்கொண்டு போகும்போது எனக்கு அதுதான் நினைவு.

டாக்ஸிக்கு மூன்று பேர் சேர்ந்து காசு போட்டார்கள். ஆஸ்பத்திரியில் பெர்மிட்டைக் காட்டச் சொன்னார்கள், அப்புறம் கம்பெனியிடமிருந்து கடிதம் கேட்டார்கள். அந்த நேரத்தில் கம்பெனி ஆள் எங்கே போன் எடுப்பார்? காலையில்தான் கிடைத்தார். எடுத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நாளைக்கு வேலைக்கு வந்துருவானா?" அண்ணனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு முதலாளி வருஷத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். 2023 ஜூலைக்கு முன்பு அது வெறும் 15,000. இதையெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கும் அண்ணன் போனிலேயே பாடம் நடத்திவிட்டார். கடிதம் வந்தது. அன்று அவருக்கு லாரி போய்விட்டது, ஒரு நாள் சம்பளமும் போய்விட்டது.

கல் நாலு மில்லிமீட்டர்தான், தானே இறங்கிவிடும் என்றார் டாக்டர். அவ்வளவு ஆட்டமும் ஒரு மிளகுக்குத்தான். ஊசி போட்டதும் வலி அடங்கியது. "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய்?" என்று கேட்டார். ஒரு பாட்டில் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஏன் குடிப்பதில்லை என்றா கேட்கிறாய்? நாங்கள் இப்போது தெங்காவில் வீவக அடுக்குமாடி கட்டுகிறோம், அரசாங்க வீடுகள். நான் நிற்பது பதினாலாவது மாடி. கழிவறை தரையில். குடித்தால் இறங்க வேண்டும், இறங்கினால் "எங்கே போனாய்" என்ற கேள்வி. அதனால் குடிப்பதையே விட்டுவிட்டேன். வெயிலில் கட்டாய ஓய்வு உண்டு. சைட்டில் வெப்பம் அளக்கும் மீட்டர் வைத்திருக்கிறார்கள். அது 32 டிகிரியைத் தொட்டால் கடுமையான வேலை செய்கிறவர்களுக்கு மணிக்குப் பத்து நிமிடம், 33 என்றால் பதினைந்து நிமிடம் நிழலில் உட்காரலாம். 2023 அக்டோபரிலிருந்து இப்படி. ஊரில் நாற்பது டிகிரி அடிக்கிறதே என்று மாமா சிரிப்பார். இது வேறு கணக்கு என்று சொல், காற்றின் ஈரத்தையும் சேர்த்து அளப்பது. இந்த ஊரில் வியர்வை காயவே காயாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஐந்து நாள் எம்.சி. எம்.சி. என்றால் மருத்துவ விடுப்புச் சீட்டு. அடிப்படைச் சம்பளம் கிடைக்கும், ஓ.டி. கிடைக்காது. ஆனால் அந்த ஐந்து நாள் நான் சாப்பிட்ட மாதிரி இந்த மூன்று வருஷத்தில் சாப்பிட்டதில்லை. எங்கள் மதியச் சோற்றுப் பொட்டலம் நடுராத்திரியில் சமைத்து விடியும் முன்னே வருவது, பன்னிரண்டு மணிக்குப் பிரித்தால் சில நாள் வாடை அடிக்கும். அதை இவனுக்குக் கொடுக்காதே என்று சொல்லிவிட்டு வங்காளதேசத்துப் பையன் தினமும் சீக்கிரம் எழுந்து கிச்சுரி பண்ணிக் கொடுத்தான். அரிசியும் பருப்பும் மஞ்சளும் போட்டுக் குழைய விடுவது, நம் பொங்கலுக்குத் தம்பி முறை. அறந்தாங்கிக்காரர் தனக்கிருந்த ஒரே ஓய்வு நாளில் தேக்கா மார்க்கெட் வரை போய் வாழைத்தண்டு வாங்கி வந்து சாறு பிழிந்தார். டாக்டர் தண்ணீர் என்றுதான் சொன்னார், வாழைத்தண்டு என்று சொல்லவில்லை. இருந்தாலும் அவ்வளவு தூரம் போய் வந்தவர் முன்னால் குடிக்காமல் இருக்க முடியுமா? மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

ஆறாம் நாள் கல் விழுந்தது. வடிகட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து பார்த்தார்கள், ஏதோ குழந்தை பிறந்த வீடு மாதிரி. இப்போது எனக்குப் பெயரே "கல்லு அண்ணே". பையன் வைத்தது. என் இரண்டு லிட்டர் பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு பத்து மணி, பன்னிரண்டு மணி, மூன்று மணி என்று எழுதியிருக்கிறான். சாயங்காலம் லாரியில் ஏறும்போது பாட்டிலை வாங்கிப் பார்ப்பான். மீதி இருந்தால் அங்கேயே குடிக்க வைப்பான்.

அவன் மட்டும் லேசுப்பட்டவனா? ஒரு ஞாயிறு தேக்காவிலிருந்து திரும்பும்போது ரயிலில் தூங்கிவிட்டான். ஜூ கூனில் இறங்காமல் துவாஸ் லிங்க் போய், அதே ரயில் திரும்பி, தீவின் மறுமுனையில் பாசிர் ரிஸ்ஸில் கண்விழித்தான். போனில் சார்ஜ் இல்லை. ராத்திரி பதினொன்றரைக்கு வந்து சேர்ந்தவனுக்காக மூன்று பேர் நிலையத்தில் காத்துக்கொண்டிருந்தோம். அறந்தாங்கிக்காரர் கதை அதைவிட மோசம். அவர் போன் ஈரக் கான்கிரீட்டில் விழுந்து, அதோடு சேர்த்தே தளம் போட்டுவிட்டார்கள். நாளைக்கு யாரோ ஒரு குடும்பம் அதன் மேல் சோபா போட்டு உட்காரப் போகிறது.

அவருக்கு மறு போன் வாங்கியது மைலோ டின்னிலிருந்து. சம்பளத்தன்று ஆளுக்கு ஐந்து வெள்ளி அதில் போட வேண்டும், அண்ணன் வைத்த வழக்கம். கணக்கு எழுதுவதில்லை, எடுத்தவன் முடிந்தபோது திருப்பிப் போடுவான். என் டாக்ஸிக் காசை நான் அதில்தான் போட்டேன், கையில் வாங்க மூன்று பேரும் மாட்டேன் என்றுவிட்டார்கள்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அண்ணனின் அம்மாவுக்கு அடுத்த மாதம் தஞ்சாவூரில் கண்புரை ஆபரேஷன். அண்ணிக்குக் கைக்குழந்தை. கூட இருந்து கையெழுத்துப் போடவும், கட்டுப் பிரித்தபின் சொட்டு மருந்து விடவும் ஆள் இல்லை. அவர் என்னிடம் வாய் திறக்கவில்லை. போனில் அண்ணியிடம் பேசியது என் காதில் விழுந்தது. நம் வீடு மருத்துவக் கல்லூரி சாலையில்தானே இருக்கிறது. நீ போய் இரு அக்கா. நாலு நாள் நம் வீட்டிலேயே வைத்துக்கொள். அண்ணி நம்பரைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். யார் சொன்னது என்று அந்த அம்மா கேட்டால் "உங்கள் பிள்ளையின் கூட்டாளி வீடு" என்று மட்டும் சொல்.

மன்னார்குடிக்காரரிடம் கோடாலித் தைலம் ஆறு பாட்டில், மைலோ இரண்டு டின் கொடுத்திருக்கிறேன். ஒரு டின் அந்த அம்மாவுக்கு. தைலத்தில் ஒன்று மாமாவின் முட்டிக்கு, கேட்டால் இரண்டு கொடு. மன்னார்குடிக்காரர் திருச்சியில் இறங்கி நேராக உன்னிடம்தான் வருவார். சாப்பிடாமல் அனுப்பாதே. விரால் மீன் குழம்பு என்றால் உயிர். வேண்டாம் வேண்டாம் என்பார், இலையைப் போட்டுவிடு.

உன் தம்பி