என் மகனை "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்க வைத்தவருக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

வீட்டுக்கு வந்து இன்றோடு நாலு நாள். பையன் உள்ளே தூங்குகிறான், அவனுடைய கட்டிலில், அவனுடைய தலையணையில். நான் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன். ஜனவரியிலிருந்து எங்களுக்கு என்ன நடந்தது என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்கு இப்போது தெம்பில்லை. நன்றியை மட்டும் மனசு ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முறை வைத்துக்கொண்டு ரசம் சாதமும் இட்லியும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்த தமிழ்ப் பள்ளி அம்மாக்களுக்கும், அந்தப் பெரிய பனியில் நாங்கள் இல்லாதபோது வாசலைத் தள்ளிச் சுத்தம் செய்து வைத்த எதிர்வீட்டுக்காரருக்கும், என் மகளைத் தன் பிள்ளைகளோடு சேர்த்துப் பள்ளிக்கு அழைத்துப் போய் வீட்டுப்பாடம் வரைக்கும் பார்த்துக்கொண்ட ஷ்ரூஸ்பரி அக்காவுக்கும், வைத்தீஸ்வரன் கோயிலில் வேண்டிக்கொண்டு தினமும் போனில் "இன்னிக்கு சாப்பிட்டானா" என்று கேட்ட கும்பகோணத்துப் பெரியம்மாவுக்கும், இரவு பகல் பார்க்காத நர்ஸுகளுக்கும் டாக்டர்களுக்கும், என் கணவரின் வேலையைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்ட அவருடைய ஆபீஸ் நண்பர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன். பெயர் விட்டுப்போனவர்கள் மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்களில் யாரும் பார்த்திராத ஒருவர். அந்த வார்டில் ராத்திரி ஷிஃப்டில் தரை துடைக்கிறவர். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் இருக்கிற கேப் வெர்டே தீவுகளிலிருந்து சின்ன வயசில் பாஸ்டனுக்கு வந்தவர், அறுபது வயசு இருக்கும். நான் மனசுக்குள் அண்ணா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

காலில் ஆபரேஷன் முடிந்து ஆறு நாள் என் பையன் வாயைத் திறக்கவில்லை. பதிமூன்று வயசுப் பிள்ளை, ஊர் பாஸ்கெட்பால் டீமில் எல்லாரையும்விடக் குள்ளம், ஆனால் ஓட்டத்தில் அவனை யாரும் பிடிக்க முடியாது. அவனுக்கு அந்தக் கால்தான் எல்லாமே. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். கேட்டால் தலையாட்டுவான், அவ்வளவுதான். ஒரு ராத்திரி ரெண்டு மணி இருக்கும், இவர் குப்பைத்தொட்டியை எடுக்க வந்தவர் ஜன்னல் ஓரமாகக் கிடந்த, பாஸ்டனின் செல்டிக்ஸ் பாஸ்கெட்பால் அணியின் பச்சைத் தொப்பியைப் பார்த்துவிட்டு, "செல்டிக்ஸா? எனக்கு நாலாம் நம்பர்தான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் ராத்திரி வந்து, "நாலாம் நம்பர் யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்றார். சுவரைப் பார்த்தபடியே என் பையன் "ஹாலிடே" என்றான், செல்டிக்ஸில் அந்த நம்பர் சட்டை போட்ட ஓர் ஆட்டக்காரர். ஆறு நாள் கழித்து நான் கேட்ட முதல் வார்த்தை அது. "அவருக்கு முன்னால?" என்று கேட்டார் இவர். பையன் திரும்பிப் பார்த்தான்.

அன்று ஆரம்பித்தது. தினமும் அவருடைய இடைவேளை நேரத்தில் பத்து நிமிஷம், மாப்பைக் கதவில் சாய்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, முன்பு செல்டிக்ஸில் அந்த நாலாம் நம்பர் சட்டை போட்ட ஐசேயா தாமஸின் கதையைச் சொல்வார். நான் சோபாவில் தூங்குவது மாதிரி படுத்திருப்பேன். எனக்கு பாஸ்கெட்பால் தெரியாது. இப்போது ஓரளவு தெரியும்.

டகோமா என்ற ஊரில் 1989இல் பிறந்தவர். அப்பா லாஸ் ஏஞ்சலஸின் லேக்கர்ஸ் அணிக்கு ரசிகர். நண்பரோடு கட்டிய பந்தயத்தால் எதிரணியான டெட்ராய்ட் நட்சத்திரத்தின் பெயர் பிள்ளைக்கு வந்தது. அம்மா மட்டும், வைத்தால் பைபிளில் இருக்கிற எழுத்துப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். நம் பைபிளில் ஏசாயா என்று வருகிற அதே பெயர். உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். நம் ஊரில் அது நல்ல உயரம், அமெரிக்காவின் பெரிய பாஸ்கெட்பால் லீக்கான என்.பி.ஏ.வில் சராசரியே ஆறரை அடி. அண்ணா எழுந்து டிரிப்ஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று தன் மூக்குக்கு நேராகக் கையை வைத்து, "இவ்வளவுதான். நான் அவரைவிட உயரம்" என்று காட்டினார். அணிகள் முறை வைத்துப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் 2011இல் மொத்தம் அறுபது பேரை எடுத்தார்கள், சாக்ரமெண்டோ எடுத்த இவர் அறுபதாவது ஆள். அங்கே மூன்றாவது வருஷம் சராசரியாக 20 பாயிண்டுக்கு மேல் அடித்தும் வைத்துக்கொள்ளவில்லை. ஃபீனிக்ஸுக்குப் போனார், ஒரு சீசன் முடிவதற்குள் அவர்களும் கைமாற்றிவிட்டார்கள். 2015 பிப்ரவரியில் பாஸ்டனுக்கு வந்தார்.

"நாளைக்கு மிச்சம்" என்று அண்ணா எழுந்தபோது என் பையன் "அப்புறம் என்ன ஆச்சு?" என்றான். அந்த நிமிஷம் போர்வையைக் கடித்துக்கொண்டு நான் அழுதது யாருக்கும் தெரியாது.

இன்னொரு ராத்திரி, அத்தனை உயரமான ஆட்களுக்கு நடுவில் குள்ளமான ஆள் எப்படி ரிங்கில் போடுவார் என்று பையன் கேட்டான். கையில் இருந்த ரப்பர் கையுறையைக் கழற்றி, இன்னொன்றோடு சேர்த்து உருட்டிப் பந்து மாதிரி ஆக்கினார் அண்ணா. ஜன்னல் திரைதான் ஏழடி ஆள். "இவனைப் பார்த்து பயந்து விலகினால் இவன் கை நீளம் இவனுக்கு உதவும். விலகாதே, நெஞ்சோடு போய் இடி. ஒட்டிவிட்டால் அவனுக்குக் குதிக்க இடம் இருக்காது." தோளால் திரையை ஒரு இடி, இடது கையால் (தாமஸ் இடக்கை ஆட்டக்காரர்) ஒரு சுழற்று, கையுறை குப்பைத்தொட்டியில் விழுந்தது. அந்த அறுபது வயசுக் கால்கள் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்கிற கால்கள். என் பிள்ளைக்காக நாலு தடவை செய்து காட்டினார்.

2016-17 சீசனில் சராசரி 28.9 பாயிண்ட். லீக்கிலேயே மூன்றாவது இடம். நாலாவது குவார்ட்டர் வந்தால் தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டுவாராம், இது என் நேரம் என்று. அந்த டிசம்பர் 30 அன்று மியாமிக்கு எதிராக 52, அதில் 29 கடைசிக் குவார்ட்டரில் மட்டும். தடுப்பாட்டத்தில் எதிரணிகள் அவரைத் தேடித் தேடி வந்து அவர் தலைக்கு மேல் அடித்ததையும் அண்ணா மறைக்கவில்லை. "அதுவும் உண்மைதான்" என்றார்.

அடுத்து 2017 ஏப்ரல் 15. சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கிற பிளே ஆஃபில் பாஸ்டனின் முதல் ஆட்டத்துக்கு முதல் நாள், தாமஸின் தங்கை கார் விபத்தில் இறந்துபோனார். 22 வயசு. இதை ஆரம்பித்ததும் எனக்கு திக்கென்றது. ஆஸ்பத்திரியில், ராத்திரியில், படுத்திருக்கிற பிள்ளையிடம் சாவைப் பற்றி எதற்கு என்று எழுந்து தடுக்கப் பார்த்தேன். பையன் கேட்டுவிட்டான், "மறுநாள் விளையாடினாரா?" "விளையாடினார். தங்கை பெயரை ஷூவில் எழுதிக்கொண்டு. 33 பாயிண்ட். ஆனா தோத்துட்டோம்." தோற்றதை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம், விடவில்லை. அடக்கத்துக்கு டகோமா வரை போய்த் திரும்பிய கையோடு அடுத்த சுற்றில் வாஷிங்டன் அணிக்கு எதிரான முதல் ஆட்டம், அதில் முன்பல் விழுந்தது. பல் டாக்டரின் நாற்காலியில் மணிக்கணக்காக உட்கார்ந்து எழுந்து வந்து மே 2இல் 53 பாயிண்ட் அடித்தார். அன்று தங்கையின் பிறந்தநாள், இருந்திருந்தால் 23. செல்டிக்ஸ் விளையாடுகிற டிடி கார்டன் அரங்கில் மேல் வரிசையில் அண்ணா இருந்தாராம், ஓவர்டைம் செய்து சேர்த்த காசில் வாங்கிய டிக்கெட். "பக்கத்து சீட்டில் இருந்தவன் யாரென்றே தெரியாது, அவன் தோளில் சாய்ந்து அழுதேன்" என்றார். அதைச் சொல்லும்போதும் கண் கலங்கியிருந்தது.

இந்த இடத்தில் கதை முடிந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று எனக்கு ஆசை. ஆனால் அந்த ஓட்டத்திலேயே அவருடைய இடுப்பு போய்விட்டது. கிளீவ்லண்டோடு நடந்த தொடரில் இரண்டாவது ஆட்டத்தோடு அவரால் முடியவில்லை. அண்ணா அன்று அத்தோடு நிறுத்திக்கொண்டு வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன். நடைபாதையில் நிறுத்தி, "தயவுசெய்து நாளைக்கு, அவர் சரியாகிப் பழையபடி விளையாடினார் என்று சொல்லிவிடுங்கள்" என்று கெஞ்சினேன். மாப்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் சும்மா நின்றார். "அவன் கேட்கலைன்னா சொல்லமாட்டேன்மா. கேட்டால் பொய் சொல்லமாட்டேன்" என்றார், அவருடைய இங்கிலீஷில், ரொம்ப மெதுவாக. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்காக இன்றைக்கு அவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

பையன் கேட்டான். இவர் சொன்னார். அந்தக் கோடையிலேயே பாஸ்டன் அவரைக் கிளீவ்லண்டுக்குக் கொடுத்துவிட்டு அங்கிருந்த கைரி இர்விங் என்ற ஆட்டக்காரரை எடுத்துக்கொண்டது. தங்கையைப் பறிகொடுத்த துக்கத்தோடு இந்த ஊருக்காக ஓடிய மனுஷனை சில மாதத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். (கணக்காகப் பார்த்தால் அது சரியான முடிவு என்று என் கணவர் சொல்கிறார். இருக்கட்டும், எனக்கு மனசு ஒப்பவில்லை.) கிளீவ்லண்டில் 15 ஆட்டம், அப்புறம் லேக்கர்ஸ், அப்புறம் ஆபரேஷன், டென்வரில் 12 ஆட்டம், வாஷிங்டன், 2020இல் மறுபடி ஆபரேஷன், இந்த முறை இடுப்பு மூட்டில் உலோகம் வைத்து. அதற்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் மூன்றே ஆட்டம். 2021 டிசம்பரில் கீழ்நிலை லீகில் கிராண்ட் ராபிட்ஸ் அணிக்கு இறங்கி முதல் ஆட்டத்திலேயே 42. அதைப் பார்த்துக் கூப்பிட்டவர்கள் கொடுத்தது பத்து நாள் ஒப்பந்தம். லேக்கர்ஸ், டல்லாஸ், சார்லட். 2024இல், 35 வயசில், மறுபடி கீழே இறங்கி விளையாடி மறுபடி ஃபீனிக்ஸுக்கு.

"திரும்ப 53 அடிச்சாரா?"

"இல்ல."

"நட்சத்திரங்கள் ஆடுற ஆல்ஸ்டார் ஆட்டத்துக்காவது எடுத்தாங்களா?"

"அதுவும் இல்ல."

அறையில் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. "அப்ப ஏன் விளையாடினார்?" என்றான் பையன். அண்ணா யோசித்துவிட்டு, "எனக்குத் தெரியாதுப்பா. நானா இருந்தாலும் விளையாடியிருப்பேன்" என்றார். அப்புறம், 2019 மார்ச்சில் டென்வர் சட்டையில் அவர் பாஸ்டனுக்கு வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியதைச் சொன்னார். அன்று அண்ணாவுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. இதே ஆஸ்பத்திரியில், இதே மாடியில், யாரோ ஒரு நோயாளியின் டிவியில் பார்த்திருக்கிறார், துடைப்பத்தோடு நின்றபடி தானும் கைதட்டியிருக்கிறார்.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் என் பையன் நேராகக் கேட்டான்: "நான் முன்ன மாதிரி ஓடுவேனா?" அத்தனை நாளும் அந்தக் கேள்வியைத்தான் அவன் வாய்க்குள் பூட்டி வைத்திருந்தான். பூட்டியது நான்தான். அவன் வாயெடுக்கும் முன்னாலேயே "எல்லாம் சரியாயிடும் கண்ணா" என்று சொல்லிச் சொல்லி அடைத்துவிட்டேன். டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். முன்பு மாதிரி இல்லாமலும் போகலாம்" என்றார். பையன் அழுதான். நானும் அழுதேன். அப்புறம் பசிக்கிறது என்று சொல்லி மூன்று இட்லி சாப்பிட்டான்.

இனிமேல் என் பிள்ளைகளிடம் எதையும் பூசி மெழுகமாட்டேன். அவர்கள் கேட்டால் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைத் தெரியாது என்பேன். இதை உங்கள் எல்லார் முன்னாலும் எழுதி வைக்கிறேன், மாறினால் நீங்கள் என்னைக் கேட்கலாம்.

டிஸ்சார்ஜ் ஆனது பகல் பதினோரு மணிக்கு. அண்ணா அந்நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார், சொல்லிக்கொண்டு வர முடியவில்லை. வருகிற பதினெட்டாம் தேதி மறுபடி காட்டச் சொல்லியிருக்கிறார்கள், அப்பாயின்ட்மென்ட் மதியம் மூன்று மணிக்கு. அவர் வேலைக்கு வருவது ராத்திரி பதினோரு மணிக்கு. "அதுவரைக்கும் அங்கேயே இருக்கலாம்மா" என்கிறான் பையன். முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு போகிறோம்.