ஏழாம் வகுப்பு உமிழ்நீர்ச் சோதனை: பெற்றோருக்கு ஒரு விளக்கம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அடுத்த வாரம் அறிவியல் வகுப்பில் பிள்ளைகள் தங்கள் உமிழ்நீரை வைத்தே ஒரு சோதனை செய்யப் போகிறார்கள். "பள்ளியில் துப்பச் சொல்கிறார்கள்" என்று வீட்டில் செய்தி வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நீர்த்த மாவுக் கரைசலில் அயோடின் விட்டால் கருநீலமாகும். அதே கரைசலில் உமிழ்நீரைக் கலந்து, உடல் சூடான 37 டிகிரியில் சிறிது நேரம் வைத்திருந்து அயோடின் விட்டால் அந்த நீலம் வராது. அயோடினின் பழுப்பு நிறம்தான் தெரியும். மாவுச்சத்து அதற்குள் உடைந்திருக்கும். உடைப்பது உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி. கொதிக்க வைத்த உமிழ்நீரைச் சேர்த்த குழாயில் நீலம் அப்படியே வரும், ஏனென்றால் கொதித்ததில் நொதி கெட்டுவிடுகிறது. பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்கப்போவது இந்தக் குழாயைப் பார்த்துத்தான். உமிழ்நீர் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவதை 1831-லேயே லாய்க்ஸ் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் எழுதிவைத்திருக்கிறார்.

வீட்டிலும் பார்க்கலாம். வெறும் சோற்றையோ ரொட்டியையோ விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிக்கும். மாவுச்சத்துக்கு இனிப்பு கிடையாது. அது உடைந்து உருவாகும் மால்டோஸ் என்னும் சர்க்கரைக்கு உண்டு.

அதற்காக, மெல்லாமல் விழுங்கினால் செரிக்கவே செரிக்காது என்று பிள்ளைகளை மிரட்ட வேண்டாம். அது உண்மையில்லை. வாயில் நடப்பது தொடக்கம் மட்டுமே. இரைப்பையின் அமிலம் உணவு உருண்டைக்குள் ஊறும் வரை அமைலேஸ் வேலை செய்யும், அப்புறம் நின்றுவிடும். மாவுச்சத்தின் பெரும்பகுதியைச் சிறுகுடலில் கணைய அமைலேஸ்தான் உடைக்கிறது. ஆனாலும் நன்றாக மென்ற உணவில் நொதி எல்லாப் பக்கமும் கலக்கும், விழுங்கவும் எளிது. மதிய உணவைப் பாதி மென்று மைதானத்துக்கு ஓடும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். அதனால் உணவு இடைவேளையைப் பத்து நிமிடம் கூட்டியிருக்கிறோம்.

சோதனையில் ஒவ்வொருவரும் தன் உமிழ்நீரையும் தன் குழாய்களையும் மட்டுமே கையாள்வார்கள். சளி, காய்ச்சல், வாய்ப்புண் இருந்தால் வேடிக்கை பார்த்தால் போதும். அயோடின் ஒவ்வாமை இருந்தால் வகுப்பாசிரியருக்கு முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். அயோடின் கறை எளிதில் போகாது, எனவே அன்று பழைய சட்டை போட்டு வரலாம், சீருடை கட்டாயமில்லை.

இணைத்துள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்