மைக் அணைந்த பிறகு கேட்ட வள்ளி திருமணம்: இசை நாடக ரசிகர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர், பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு நம் சங்கத்தில் நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதனால் கணக்குப் பக்கம் நான் போகவில்லை.

முதலில் இரங்கல். நம் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மூத்த உறுப்பினர் ஆடி மாதம் காலமானார். கே.பி.சுந்தராம்பாளின் கச்சேரியை நேரில் கேட்டவர். எந்த ஊர் நாடகமானாலும் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மங்களம் பாடிய பிறகுதான் எழுந்திருப்பார். அவர் சேர்த்து வைத்திருந்த நாடக நோட்டீஸ்களை அவருடைய மகள் சங்கத்திடம் கொடுத்திருக்கிறார். அந்தக் குடும்பத்துக்கு நம் நன்றி. அவை பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஆண்டின் பெரிய நிகழ்ச்சி, பங்குனி மாதம் சிவகங்கைச் சீமைக் கிராமம் ஒன்றில் நாம் பார்த்த வள்ளி திருமணம். வர முடியாதவர்கள் பலர் விவரம் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அந்த ஊரில் சில ஆண்டுகளாகத் திருவிழாவுக்கு நாடகம் வைப்பதை நிறுத்திவிட்டு ஆடல் பாடல் நிகழ்ச்சி வைத்துவந்தார்கள். இந்த ஆண்டு ஊர் இளைஞர்களே முன்வந்து, "நாடகம்தான் வேண்டும்" என்று கமிட்டியில் பேசி மாற்றியிருக்கிறார்கள். இது தெரிந்ததும் நம் உறுப்பினர்கள் வேன் பிடித்துக் கிளம்பினோம். சாயங்காலமே போய்ச் சேர்ந்ததால், கொட்டகையில் படுதா கட்டுவதிலிருந்து எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது.

ஸ்பெஷல் நாடகத்துக்குப் புதியவர்களும் இந்த ஆண்டு நம்மோடு சேர்ந்திருப்பதால் ஒரு விளக்கம். இதில் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் என்னும் நாயகன் வேடக்காரர் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் என்னும் நாயகி வேடக்காரர் ஓர் ஊர், பபூன் என்னும் கோமாளி வேறோர் ஊர். ஆர்மோனியக்காரரையும் மிருதங்கக்காரரையும் தனித்தனியாகத்தான் பேசி அழைக்கிறார்கள். ஒத்திகை என்பதே இல்லை. அன்றிரவுதான் எல்லோரும் சந்திக்கிறார்கள், அன்றிரவே நாடகம். இது நடப்பதற்குக் காரணம் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த அவர் எழுதிவைத்த வள்ளி திருமணமும் பவளக்கொடியும் சத்தியவான் சாவித்திரியும் எல்லாக் கலைஞர்களுக்கும் மனப்பாடம். பாட்டும் விருத்தமும் வசனமும் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சட்டத்துக்குள் நின்றுகொண்டு, தர்க்கத்தில், அதாவது இரு பாத்திரங்கள் பாட்டாலும் பேச்சாலும் வாதிடும் இடத்தில், அவரவர் சரக்கை இறக்குவார்கள்.

நாடகம் இரவு ஒன்பதரைக்குத் தொடங்கியது. பபூன் வந்தார், டான்ஸ் ஆடும் நடிகை வந்தார், இருவரும் பாடிச் சண்டை போட்டார்கள், கூட்டம் ஆர்ப்பரித்தது. பபூன் கலைஞர் நல்ல குரல்வளம் உள்ளவர். சிரிப்புக்காகப் பாட்டைக் கெடுக்காமல் பாடியதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

மணி பன்னிரண்டை நெருங்கியபோதுதான் எங்களில் பலருக்குக் கவலை வந்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. திருவிழாக் காலங்களில், ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு கொடுக்கலாம். அதற்கு மேல் இல்லை. விடிய விடிய நடக்க வேண்டிய நாடகங்கள் பல ஊர்களில் இரண்டு மூன்று மணி நேரமாகச் சுருங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். நோயாளிகளும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் உள்ள ஊரில் அந்த விதி தேவைதான். ஆனால் நாடகம் என்ன ஆகும்?

கமிட்டிக்காரர்கள் இதை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார்கள். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மைக்கை அணைத்தார்கள். "எல்லோரும் பாயை எடுத்துக்கிட்டு முன்னால வாங்க, பேசாம கேட்டா கடைசி ஆள் வரைக்கும் கேக்கும்" என்று ஒரு பையன் மேடையில் ஏறிக் கத்தினான். கூட்டத்தில் ஒரு பகுதி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டது. மீதி இருந்தவர்கள் மேடையை ஒட்டி நெருங்கி உட்கார்ந்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நாடகம். வள்ளியாக நடித்த அம்மா திரைக்குப் பின்னாலிருந்தே பாடிக்கொண்டு வந்தார். மைக் இருந்தவரை தெரியாத ஒன்று அப்போது தெரிந்தது. ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. மிருதங்கக்காரர் கையை அடக்கி வாசித்தார். முதல் பாட்டு முடிந்ததும் அந்த அம்மா, முகம் எங்களைப் பார்த்தபடி இருக்க, முதுகுப் பக்கம் கையை வைத்து இரண்டு விரலை அசைத்தார். ஆர்மோனியக்காரர் அதைப் பார்த்த மாத்திரத்தில் அரைக்கட்டை சுருதியை ஏற்றினார். குரல் உயர்ந்ததும் கடைசியில் நின்றவர்கள் வரை தெளிவாகக் கேட்டது. முன் காலத்தில் எஸ்.ஜி.கிட்டப்பா போன்ற நாடக நடிகர்கள் ஏன் அவ்வளவு உச்சத்தில் பாடினார்கள் என்பதற்கு அந்த இடத்திலேயே விடை கிடைத்தது. ஆயிரக்கணக்கானோர் கூடும் கொட்டகையில் தொண்டை ஒன்றுதான் அவர்களுக்கு ஒலிபெருக்கி.

நாரதர் வள்ளி தர்க்கம் மட்டும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நடந்தது. இல்லறம் உயர்ந்ததா துறவறம் உயர்ந்ததா என்று நாரதர் கொக்கி போட்டார். வள்ளி ஒரு குறளைச் சொல்லி மடக்கினார். "அதே அதிகாரத்தில் அடுத்த குறளைச் சொல்" என்றார் நாரதர். வள்ளி சொல்லி முடித்து, பொருளைப் பாட்டாகவே விரித்தபோது, நாரதர் எதிர்க்கட்சி என்பதையும் மறந்து "சபாஷ்" என்றார். ஒத்திகை பார்த்து நடிப்பவர்களிடம் இந்தத் தருணம் கிடைக்காது. நாரதர் விருத்தத்தை மோகனத்தில் எடுத்துக் கல்யாணிக்குப் போனபோது ஆர்மோனியம் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

ஆலோலம் பாடும் காட்சியில் நம் மூத்த உறுப்பினர்கள் கண் கலங்கினார்கள். தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டும் அந்த இடம், சுதந்திரப் போராட்டக் காலத்தில் அரசியல் மேடையாகவே இருந்தது. நாடக நடிகர் விஸ்வநாததாஸ் அதே காட்சியில் வெள்ளைக் கொக்கை விரட்டுவதாகப் பாடியபோது, எந்தக் கொக்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் புரிந்தது. காவலர்களுக்கும் புரிந்தது, பலமுறை சிறைக்குப் போனார். 1876இலேயே நாடகங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்த அரசு அது. அவர் 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் உயிர் விட்டார். அதுவும் வள்ளி திருமணம்தான். திரும்பி வரும்போது வேனில் இதைத்தான் வெகுநேரம் பேசிக்கொண்டு வந்தோம்.

முருகனாக வந்து வேலன் வேடமும் கிழவன் வேடமும் போட்டவருக்கு விடியற்காலையில் தொண்டை கொஞ்சம் கட்டிவிட்டது. அப்போதும் பாட்டைக் குறைக்காமல், கீழ் ஸ்தாயியில் இறக்கிப் பாடி முடித்தார். பொழுது புலர்ந்த பிறகுதான் மங்களம்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். மைக் இருந்த நேரத்தில் அன்பளிப்பு அறிவிப்புகள் பாட்டுக்கு நடுவே வந்துகொண்டே இருந்தன. கலைஞருக்குப் பணம் கொடுப்பது நல்ல பழக்கம், அது அவர்களுக்கு உண்மையான உதவி. ஆனால் பல்லவியின் நடுவில் ஏறி நோட்டைக் குத்தி, கொடுத்தவர் பெயரையும் பாட்டனார் பெயரையும் அறிவித்தால், பாடுகிறவர் நின்று கும்பிட்டுவிட்டு மறுபடி சுருதி பிடிக்க வேண்டியிருக்கிறது. இதை அடுத்த செயற்குழுவில் பேசி, நம் உறுப்பினர்கள் இனிமேல் காட்சி முடிந்த பிறகே அன்பளிப்புக் கொடுப்பது என்றும், பெயர் அறிவிக்கச் சொல்வதில்லை என்றும் முடிவு செய்தோம். பபூன் டான்ஸ் முடிந்ததும் எழுந்து போவதில்லை என்பதும் அன்று எடுத்த முடிவே. நாடகத்துக்கு வந்தால் மங்களம் வரை இருப்போம். இதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகுந்த உறுதி உண்டு. முன்னால் உட்கார்ந்து கூர்ந்து கேட்கும் முகங்கள் தெரிந்தால்தான் தர்க்கத்தில் அடுத்த குறள் வரும். காலி மைதானத்தைப் பார்த்து யாருக்கும் புதிதாகச் சொல்லத் தோன்றாது.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. இந்த ஆண்டு சுவாமிகளின் பவளக்கொடியை அச்சுப் புத்தகத்திலிருந்து பகுதி பகுதியாக வாசித்தோம். ஓய்வுபெற்ற ஆர்மோனியக் கலைஞர் ஒருவர் இரண்டு கூட்டங்களுக்கு வந்து, எந்த இடத்தில் விருத்தம், எந்த இடத்தில் சிந்து, நடிகர் வரி மறந்தால் வாத்தியக்காரர் எப்படி எடுத்துக் கொடுப்பார் என்றெல்லாம் வாசித்துக் காட்டினார். உறுப்பினர்களின் பிள்ளைகள் அதிகமாக வந்த கூட்டங்கள் இவைதான்.

நவம்பர் 13, சுவாமிகளின் நினைவு நாள். 1922இல் அவர் காலமான புதுச்சேரிக்கு ஒரு குழு சென்று, கருவடிக்குப்பத்தில் உள்ள நினைவிடத்தில் மாலை வைத்து வந்தது. அன்றைய மாலைக் கூட்டத்தில் அவருடைய கடைசிக் காலம் பற்றித் துணைத் தலைவர் பேசினார். வயதுவந்த நடிகர்களைக் கட்டி மேய்க்க முடியாமல் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஏற்படுத்தியது, பின்னாளில் பெயர்பெற்ற நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே சிறு பிள்ளைகளாகச் சேர்ந்தது, அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்ததாக அந்தச் சகோதரர்களில் ஒருவரான டி.கே.சண்முகம் பதிவு செய்திருப்பது, கடைசியில் பக்கவாதத்தால் பேச்சு போனது என்று விரிவாகச் சொன்னார். பாட்டாலும் சொல்லாலும் வாழ்ந்தவருக்குப் பேச்சே போன அந்தப் பகுதியைச் சொல்லும்போது அவரால் தொடர முடியவில்லை. தலைவர் எழுந்து முடித்து வைத்தார்.

அப்புறம் நோட்டீஸ்கள். மறைந்த உறுப்பினர் வீட்டிலிருந்து வந்தது ஒரு டிரங்குப் பெட்டி நிறைய. ஒவ்வொரு நோட்டீஸிலும் ஊர், கோயில், தேதி, நாடகம், கலைஞர்களின் படம், ஊரும் பட்டமும் சேர்த்த பெயர், யார் என்ன வேடம், வாத்தியக்காரர்கள் யார் என்று எல்லாம் இருக்கிறது. இந்தக் கலைஞர்களில் பெரும்பாலோர் பற்றி வேறெங்கும் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. பல ஸ்திரீபார்ட் கலைஞர்களுக்கு, அவர்கள் எத்தனையோ ஊர்களில் விடிய விடியப் பாடியதற்கு இருக்கும் ஒரே சாட்சி இந்த மலிவுத் தாள்தான். செல்லரித்தவற்றைப் பிரித்து, துடைத்து, ஆண்டு வாரியாக அடுக்கும் வேலையை மகளிர் உறுப்பினர்கள் ஏற்றிருக்கிறார்கள். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. முடிந்ததும் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய புத்தகத்துக்குள்ளோ இப்படி ஒன்று இருந்தால், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கொடுங்கள். படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தருவோம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் திட்டங்கள் இரண்டு. ஒன்று, நம் சங்கமே பொறுப்பேற்று, மைக் இல்லாமல் ஒரு முழு இரவு சத்தியவான் சாவித்திரி நடத்துவது. எமன் சாவித்திரி தர்க்கத்தை அப்படிக் கேட்க வேண்டும் என்ற ஆசை பங்குனிக்குப் பிறகு எல்லோருக்கும் வந்துவிட்டது. இடம் சிறியதாக, சுற்றுச்சுவர் உள்ளதாக இருக்க வேண்டும். பள்ளி மைதானம், கல்யாண மண்டபம் எதுவானாலும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கலைஞர்களுக்குப் பேசிய தொகையை மேடை ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்பது செயற்குழுவின் உறுதியான கருத்து. இரண்டாவது, வயதான கலைஞர்களின் வீட்டுக்கே சென்று அவர்களுக்குத் தெரிந்த பாட்டுகளையும் தர்க்கங்களையும் ஒலிப்பதிவு செய்வது. இதற்குப் பதிவுக் கருவி ஒன்று வாங்க வேண்டும், இரவல் கிடைத்தாலும் சரி.

இரண்டு திட்டங்களுக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும். வேன் ஓட்டிவந்து, தூங்கப் போகாமல் எங்களோடு விடியும்வரை உட்கார்ந்து நாடகம் பார்த்த ஓட்டுநர் தம்பி இந்த ஆண்டு உறுப்பினராகச் சேர்ந்திருக்கிறார். அவரையும் மற்ற புதிய உறுப்பினர்களையும் சங்கத்தின் சார்பில் வரவேற்கிறேன். நாடகம் வைத்த ஊர் கமிட்டிக்கும், நமக்குப் பாய் விரித்து இடம் கொடுத்த அந்த ஊர் மக்களுக்கும், கலைஞர்களுக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்