மலையிடுக்கு அருவிப் பயணம்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். அருவிகள் நிறைந்த மலையிடுக்கின் வழியாக நாம் மேற்கொள்ளும் ஓரிரவு நடைப்பயணம் வரும் சனிக்கிழமை காலை 6 மணிக்குத் தொடங்கி, ஞாயிறு மாலை நிறைவடையும்.

1. நம் தலைக்கு மேல் வானம் தெளிந்திருந்தாலும் மேல்மலையில் பெய்யும் மழை சிறிது நேரத்திலேயே இடுக்கில் வெள்ளமாகப் பாயக்கூடும் என்பதால், ஓடைநீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, பையை விட்டுவிட்டாவது உடனே மேட்டில் ஏறிவிடுங்கள். இதைத் தயவுசெய்து இருமுறை படியுங்கள்.
2. ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, மேடான இடத்தில் கூடாரம் அமைப்போம்.
3. அருவிநீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.
4. நனைந்த பருத்தி உடை எளிதில் உலராது. வேறு துணியில் மாற்றுடை அவசியம்.

வருவோர் வியாழன் இரவு 8 மணிக்குள் இங்கே பதிலளித்து, ஒவ்வாமை, மருந்து விவரங்களை எனக்குத் தனியே அனுப்புங்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் பயணம் ஒத்திவைக்கப்படும்.