உன் அப்பா பெயருக்கு ஒரு நோட்டீஸ்

மேலத்தெரு,
16.11.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா? உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிறது. பதில் எழுதாததற்கு மழையைச் சாக்குச் சொல்லலாம். உண்மையில் எழுதக் கூச்சமாக இருந்தது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

"வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், பேசாமல் ஊருக்கே வந்துவிடலாமா, ஊர் எப்படி இருக்கிறது" என்று கேட்டிருக்கிறாய். முப்பது வருடத்துக்கு மேல் நெய்வேலி நகரியத்தில் குடியிருந்தவன் நீ. நேர்நேராகத் தெரு, இரண்டு பக்கமும் மரம், வட்டத்துக்கு ஒரு எண். விளக்குப் போடுவதும் குப்பை அள்ளுவதும் கம்பெனி. கவுன்சிலர் என்று யாரும் இல்லை, அதற்கு ஓட்டும் இல்லை. இங்கே தலைகீழ். ஓட்டு உண்டு, கவுன்சிலர் உண்டு, தலைவர், துணைத் தலைவர் எல்லாம் உண்டு. விளக்குதான் எரியாது.

அந்த விளக்கின் கதையையே கேள். நம் தெரு முக்கில், வாறுகால் பாலத்துக்கு எதிரே இருக்கும் கம்பத்தில் எல்.இ.டி விளக்கு அணைந்து நாலு மாதம் ஆயிற்று. கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கு பேரூராட்சியுடையது, அதைப் பராமரிப்பது ஒப்பந்தக்காரர், அது நிற்கும் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. கூட்டுறவு வங்கியில் முப்பத்திரண்டு வருடம் பேரேடு எழுதியவன் நான். ஒரு கடனுக்கு நாலு ஜாமீன்தாரர் இருந்தால் கடன் திரும்பாது என்பதை அங்கேயே கற்றுக்கொண்டேன்.

நீ ஊரை விட்டுத் தள்ளியே இருந்ததால் ஒன்றைக் கவனித்திருக்க மாட்டாய். 2011இல் பேரூராட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபிறகு 2022 பிப்ரவரி வரை தனி அலுவலர் ஆட்சிதான். ஐந்து வருடத்துக்கு மேல், எதிரே நின்று சத்தம் போடுவதற்குக்கூட ஊரில் ஒரு உறுப்பினர் இல்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்து இருந்து, கேட்பது எப்படி என்பதே ஜனங்களுக்கு மறந்துபோயிற்று. அப்புறம் தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பேரூராட்சிகளுக்கும் ஒரே நாளில் ஓட்டுப் பதிவு நடந்தது. வந்த கையோடு சொத்து வரியை உயர்த்தினார்கள்: அறுநூறு சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, அதற்கு மேல் 75, 1,800ஐத் தாண்டினால் இரட்டிப்பு. என் வீடு 1,100 சதுர அடி. பாதி கூடியது. ஜனங்களுக்குத் திடீரென்று கேள்வி கேட்கும் பழக்கம் திரும்பி வந்தது அப்போதுதான். ரசீது கையில் இருந்தால் குரல் தானாக எழும்பும் போலிருக்கிறது.

நீ உடனே உத்திரமேரூர் கல்வெட்டையும் குடவோலையையும் தூக்கிக்கொண்டு வருவாய் என்று எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பிலிருந்து அதே கதைதான். எனக்கு அதில் பிடித்தது ஒரே ஒரு விதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக்கூடாது, அவன் நெருங்கிய உறவுக்காரனும் நிற்கக்கூடாது. அதை மட்டும் இன்று கொண்டுவந்தால் எங்கள் மன்றக் கூட்டத்தில் நாற்காலிகள் மட்டும்தான் இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிராம ஊராட்சிக்காரர்களுக்கு வருடத்தில் ஆறு கிராம சபை. பேரூராட்சிக்காரன் இரண்டுங்கெட்டான், கிராமமும் இல்லை, நகரமும் இல்லை. வார்டு அளவில் கூடிப் பேசுகிற வழக்கம் நமக்கு 2022க்குப் பிறகு வந்ததுதான். போன மாதக் கடைசியில் எங்கள் வார்டுக் கூட்டம், பழைய நெல் மண்டியில். எழுபது பேர் வந்திருப்பார்கள். பாதிப் பேர் டீக்கும் சுண்டலுக்கும் வந்தவர்கள் என்று எதிர்வீட்டு ஓய்வு பெற்ற ஏட்டையா சொன்னார். சுண்டலை இரண்டு தடவை வாங்கியவர் அவர்.

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது. உறுப்பினர் முப்பத்தைந்து வயதுப் பெண், டிப்ளமோ படித்தவர். ஆனால் நடு நாற்காலியில் உட்கார்ந்தது அவர் கணவர். கேள்வி எங்கிருந்து வந்தாலும் பதில் அவரிடமிருந்து வந்தது. ஒரு கட்டத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற அக்கா எழுந்தார்கள். உனக்குத் தெரியும், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் முட்டையை எண்ணிப் போட்ட கை அது. "தம்பி, நாங்கள் உங்களுக்கு ஓட்டுப் போடவில்லை. உங்கள் சம்சாரம் பேசட்டும், நீங்கள் கொஞ்சம் அந்தப் பெஞ்சுக்குப் போங்கள்" என்றார்கள். மண்டியில் ஒரு சத்தம் இல்லை. அவர் சிரித்துக்கொண்டே எழுந்துபோனார். அந்தப் பெண் முந்தானையைச் செருகிக்கொண்டு, மடியிலிருந்த நோட்டைத் திறந்தார். தெரு வாரியாக, கம்பத்து எண் வாரியாக, எந்த விளக்கு எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை என்று எழுதி வைத்திருந்தார். மாப்பிள்ளை, நான் பேரேடு பார்த்தே வாழ்ந்தவன். அது சுத்தமான பேரேடு. இத்தனை நாள் அவரைப் பொம்மை என்று நானே டீக்கடையில் பேசியிருக்கிறேன்.

நாய்ப் பிரச்சினைக்கு முக்கால் மணி நேரம் போயிற்று. பிடித்துக்கொண்டுபோய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விடுங்கள் என்பது பெரும்பாலோர் கட்சி. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்கள் நாய்களை ஏற்கெனவே இந்தப் பக்கம்தான் விட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. சுகாதார மேற்பார்வையாளர் பொறுமையாக விளக்கினார்: 2023ஆம் ஆண்டு விதிப்படி கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காதில் ஒரு சிறு வெட்டுப் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். கூட்டத்துக்குப் பிறகு, இந்த மாதம் 7ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் போன்ற வளாகங்களில் பிடிக்கிற நாய்களை மட்டும் மறுபடி அங்கே விடக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறது. தெரு நாய்க்குப் பழைய கணக்குத்தான். கூட்டத்துக்கு மறுநாள் காலை நடைப்பயிற்சியில் நான் பார்த்த பதினோரு நாய்களில் ஒன்றுக்குக்கூடக் காது வெட்டுப்பட்டிருக்கவில்லை.

ஒலிபெருக்கியைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் கூடாது என்று 2000ஆம் ஆண்டிலிருந்தே விதி இருக்கிறது. ஆனால் எல்லாத் தெருவுக்கும் ஒரு கொடை விழா இருக்கிறதே!

கடைசியில் ஏட்டையா ஒரு மனுவை எடுத்துப் படித்தார். 41 பேர் கையெழுத்து, என்னுடையது ஆறாவது. ஐந்து கோரிக்கை. ஒன்று, மேலத்தெருவில் திறந்தவெளியில் குடிப்பதைத் தடுக்க வேண்டும். இரண்டு, குப்பை மேட்டை அகற்ற வேண்டும். மூன்று, நாய். நான்கு, பாம்பு, கொசு. ஐந்து, இரவில் வாறுகால் பாலத்தில் பையன்கள் உட்கார்ந்து அரட்டை அடிப்பதைத் தடுக்க, பாலத்தின் பக்கச் சுவரை இடித்துவிட வேண்டும்.

ஐந்தாவதைச் சத்தமாக வாசிக்கக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. கையெழுத்துப் போடும்போது படிக்கவில்லை. (வங்கியில் இப்படிக் கையெழுத்துப் போட்டவர்களை எத்தனை தடவை திட்டியிருப்பேன்!) அந்தப் பையன்கள் குடிப்பதில்லை. சத்தம் போடுகிறார்கள், ஒருவனுடைய பைக்கில் சைலன்சர் இல்லை, அதற்கு மேல் ஒரு குற்றமும் இல்லை. முன்பு கபடி விளையாடிய இடத்தில் இப்போது தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. குடிகாரனையும் குப்பையையும் நாயையும் பாம்பையும் வரிசையாக எழுதிவிட்டு, அதே வரிசையில் நம் தெருப் பிள்ளைகளையும் சேர்த்திருக்கிறோம். எழுந்து, ஐந்தாவதை எடுத்துவிடுங்கள் என்றேன். ஏட்டையா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் செய்தித்தாள் இரவல் கேட்டு வந்துவிட்டார்.

இனி எழுதக் கூசியதை எழுதுகிறேன். மீதி நான்குக்கும் முகவரி ஒன்றுதான். அது உங்கள் மனை.

உன் அம்மா காலமானபின் ஓட்டு வீடு சரிந்ததை நீ பார்த்தாய். அதன் பிறகு ஓடு போயிற்று, கதவு நிலை போயிற்று, அம்மி, உரல்கூடப் போயிற்று. இப்போது ஆறு சென்ட்டும் சீமைக்கருவேலம். பின்பக்கம் கிணற்று மேடை மட்டும் தெரிகிறது; செவலை நாய் ஒன்று அங்கேதான் குட்டி போட்டிருக்கிறது. முன்பக்கம் விளக்கு எரியாத மூலை என்பதால் ஒன்பது மணிக்கு மேல் நாலைந்து பேர் உட்கார்ந்து குடிக்கிறார்கள். காலையில் தூய்மைப் பணியாளர் அம்மா காலிப் பாட்டில்களைப் பொறுக்கிச் சாக்கில் போடுவார். அவர்கள் பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றினார்கள். சாக்கு அதேதான், கையுறை பல நாள் இருப்பதில்லை. பேட்டரி வண்டி தெருவுக்கு வருகிறது, மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று பிரித்துக் கேட்கிறது. பிரிக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு உன் மனை இருக்கிறது, இருட்டில் ஒரே வீச்சு.

கூட்டத்தில் ஒருவரும் உன் பெயரைச் சொல்லவில்லை. "சார்வாள் வீட்டு மனை" என்றுதான் சொன்னார்கள். தையல் கடைக்காரர் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். திங்கள்கிழமை தோறும் பிரேயரில் நம் கையைத் திருப்பி நகம் பார்த்த மனிதரின் வீடு. அவருடைய வாசலில் குப்பை என்று சொல்ல ஊருக்கே நாக்கு எழவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. போன வருடம் நான் குளியலறையை இடித்துக் கட்டினேன். உடைந்த ஓடும் செங்கலும் இரண்டு டிராக்டர் லோடு. எங்கே கொட்டினாய் என்று கொத்தனாரைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்பதால் கேட்கவில்லை. நவம்பர் முதல் வாரம் மழை விட்ட ஒரு காலையில் உங்கள் மனை ஓரம் போனேன். கருவேலம் தூருக்குக் கீழே நீல நிறத்தில் பூப்போட்ட டைல்ஸ் துண்டு கிடந்தது. என் வீட்டு டைல்ஸ். மனுவில் இரண்டாவது கோரிக்கையின் கீழ் ஆறாவது கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

தீர்மானம் நிறைவேறிவிட்டது. புதர் மண்டிய காலி மனை உரிமையாளர்களுக்கு நோட்டீஸ். பதினைந்து நாளில் சுத்தம் செய்யாவிட்டால் பேரூராட்சியே செய்து செலவை வசூலிக்கும். நம் ஊரில் அது நடக்குமா என்று சிரிக்காதே. நோட்டீஸ் வந்துவிட்டது. பதிவேட்டில் பெயர் மாற்றாததால் உன் அப்பா பெயருக்கு வந்திருக்கிறது. தபால்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு இளநிலை உதவியாளர் நேரில் வந்து, உங்கள் மனை முகப்பில் நிற்கும் கருவேல மரத்தில் பசை தடவி ஒட்டிவிட்டுப் போனார். "தாங்கள் தங்கள் மனையைச் சுகாதாரக் கேடான நிலையில் வைத்திருப்பதாக" என்று தொடங்குகிறது. படித்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

ஊருக்கு வரலாமா என்று கேட்டாயே, அதற்கு என்னிடம் பொதுவாகப் பதில் இல்லை. ஆனால் ஒரு தடவை வந்துதான் ஆக வேண்டும். உன் அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா நகல், பழைய வரி ரசீது எது இருந்தாலும் எடுத்துக்கொள். பெயர் மாற்றம் செய்துவிட்டால் காலிமனை வரி உன் பெயருக்கு வரும். பாக்கி எவ்வளவு என்று கேட்டுவைக்கிறேன். ஜேசிபிக்காரரிடம் பேசிவிட்டேன். நிலம் ஈரமாக இருக்கும்போதே வந்தால் தூரோடு பிடுங்கலாம், இல்லாவிட்டால் இரண்டே மாதத்தில் துளிர்த்துவிடும் என்கிறார். ஜேசிபி வாடகையில் பாதி என்னுடையது. மறுத்து எழுதாதே, இரண்டு டிராக்டர் லோடின் கணக்கு அது. பாலத்துப் பையன்கள் நாலு பேர் கை கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இடத்தைச் சுத்தம் செய்தபின் நீ வீடு கட்டும்வரை அங்கே கபடி விளையாடலாமா என்று கேட்கிறார்கள். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். குட்டிகளோடு அந்தச் செவலையை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு வா. எங்கள் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

நோட்டீஸை மரத்தில் விட்டுவைக்க மனம் வரவில்லை. நேற்று இருட்டியபின் பிரித்தெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பசை ஈரமாக இருந்ததால் ஒரு மூலை மரத்திலேயே ஒட்டிக்கொண்டது. தேதியும் கையெழுத்தும் தெரிகின்றன. பெயரும் முழுதாக இருக்கிறது.

உன்,
மேலத்தெரு மாப்பிள்ளை