கூரை மேல் வேலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல். புது கம்பெனியில் என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். கூரை பராமரிப்பு.

இங்கே சிங்கப்பூரில் பெரும்பாலோர் வீவக, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் இருக்கிறார்கள். எங்களைக் கூப்பிடுவது தரைவீட்டுக்காரர்கள். அவர்களிலும் ஓட்டுக்கூரை வைத்தவர்களே அதிகம். இப்போது சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் நாங்கள் வேலை பார்க்கும் வீட்டில் மட்டும் ஷிங்கிள் கூரை. கண்ணாடி நார்ப் பாயில் தார் பூசி, மேலே பொடிக்கல் பதித்த அட்டை அது. மீன் செதில் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஆணி அடித்திருக்கிறார்கள்.

முகட்டிலிருந்து கீழ்வரை கறுப்புக் கறுப்பாகக் கோடு. புகை படிந்த மாதிரி தெரியும், ஆனால் அது ஒரு வகை நீலப்பச்சைப் பாசி. வெயில் தாங்க அதுவே ஒரு கறுப்பு உறையைப் போர்த்திக்கொள்ளும். தாரோடு கலந்திருக்கும் சுண்ணாம்புக்கல் பொடிதான் அதற்குத் தீனி. வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊர் இது. பாசிக்குக் கேட்கவா வேண்டும்!

வீட்டுக்கார அம்மா, மெஷின் வைத்து வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள் என்றார். எங்கள் சூப்பர்வைசர் பதிலே பேசாமல் கூரை விளிம்பில் மழைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினார். கைநிறையப் பொடிக்கல். கூரையிலிருந்து உதிர்ந்தது. அந்தக் கல் போய்விட்டால் வெயில் நேரே தாரில் விழும். தார் காய்ந்து வெடிக்கும், ஓரம் சுருளும், அப்புறம் ஒழுகும். கறை பார்வைக்குத்தான் அசிங்கம். மெஷின் தண்ணீர் மிச்சமிருக்கும் கல்லையும் பெயர்த்துவிடும். அந்த அம்மாவுக்கு அரை மனசுதான், ஆனாலும் சரி என்றுவிட்டார்.

அதனால் குளோரின் ப்ளீச்சும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளிக்கிறோம். கால் மணி, இருபது நிமிடம் ஊறவிட்டு, சாதாரணக் குழாய்த் தண்ணீரால் அலசுகிறோம். பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது. கீழே உள்ள செடிகளை முன்னாலேயே நனைத்து மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் கருகிவிடும். கடைசியில் முகட்டை ஒட்டித் துத்தநாகப் பட்டை அடிப்போம். மழை பெய்யும்போதெல்லாம் துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இறங்கும். பாசி சீக்கிரம் திரும்பாது. கூரை விளிம்பு வாய்க்காலையும் சுத்தமாக வாரிவிடுவோம். அதில் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு வரும், வீட்டுக்காரருக்கு அபராதமும் வரும்.

அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். 3 மீட்டருக்கு மேலிருந்து விழ வாய்ப்புள்ள வேலை என்றால், பெர்மிட் கையெழுத்தாகாமல் இங்கே யாரும் ஏற முடியாது. இடுப்பிலும் தோளிலும் பெல்ட், அதைக் கட்ட உறுதியான கயிறு. இடி மின்னல் வந்தால் உடனே இறங்கிவிடுவோம். மத்தியான வெயில்தான் கொடுமை.

நம் வீட்டுச் சீமை ஓட்டுக்கு ப்ளீச் எல்லாம் வேண்டாம். மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்துப் புழங்குகிறோமே. உடைந்த ஓடுகளை மட்டும் ஐப்பசி மழைக்கு முன்னால் ஆள் வைத்து மாற்றுங்கள். நீங்கள் ஏறாதீர்கள். சம்பளம் வந்ததும் அதற்குத் தனியாகப் பணம் அனுப்புகிறேன். எத்தனை ஓடு என்று எண்ணிச் சொல்லுங்கள்.

அன்பு மகன்,
செல்வம்